தொண்ணூற்றிரண்டு

செட்டிநாடு ஸ்டேஷன் கேட்டில்
பாசஞ்சருக்காக நிற்கும்போதுதான் முள் ஏறும்.
ஆத்தங்குடியிலிருந்து வரும் வழியெல்லாம்
பாதியில் கைகட்டி நிற்கும், நல்ல பிள்ளை.
ஓடும்போது எதிர்க்காற்று பார்த்துக்கொள்கிறது.
நின்றால்தான் தெரிகிறது
உள்ளே பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்று.

பின்சீட்டில் ஐஸ் பெட்டி.
பதினாறு பேருடைய ரத்தம்
வெறும் வயிற்றில் எடுத்தது,
நாலு டிகிரியில்.
முன்னால் பானட் இடுக்கில் ஆவி.
நடுவில் நான், லேப் கோட்டைக் கையில் சுற்றிக்கொண்டு
மூடியைத் திறக்கலாமா என்று.
கூடாது. ஒருமுறை திறந்ததன் தழும்பு
மணிக்கட்டில் இருக்கிறது.

கோட்டையூர் மெக்கானிக் ஹெட் கேஸ்கட் என்றார்.
இருபத்திரண்டாயிரம்.
அவருடைய மச்சான் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு
இனிமே வராது என்றார். வந்தது.
நாச்சியப்பன், என் வீட்டுக்காரர்,
வித்துரு என்றார்
பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.
பாலியோவை இனி யார் வாங்குவார்?

நேமத்தான்பட்டியில் அன்றைக்குக் கடைசி ஆள்
லாரி ஓட்டும் அடைக்கலம்.
அணைத்தால் திரும்பக் கிளம்பாதோ என்ற பயத்தில்
ஓடவிட்டிருந்த வண்டி
வாசலில் கொதிக்கிற சத்தம் கேட்டு எழுந்தார்.
மடக்கிய முழங்கைக்குள் பஞ்சு.
மற்றொரு கையால் ரேடியேட்டரின் பக்கவாட்டில் தடவி
சுண்டுவிரல் அளவு பித்தளைக் குமிழிலிருந்து
வயர் பிளக்கைப் பிடுங்கினார்.
என் கொண்டையைப் பார்த்து,
"ஒரு ஊசி குடுங்க."
ஹேர்பின்னை வளைத்து
இரண்டு ஓட்டைக்கும் பாலம் போட்டதும்
நாலு மாதம் செத்துக் கிடந்த விசிறி
ஹோவென்று சுற்றியது.
"விசிறிக்கு ஒண்ணுமில்லம்மா.
அதுக்குச் சொல்றவன்தான் செத்துட்டான்."

மூன்று நாள் ஹேர்பின்னோடு ஓட்டினேன்.
விட்டுவைத்தால் பேட்டரி இறங்கிவிடும்.
இரவானதும் கழற்றித்
தலையில் செருகிக்கொள்வேன்.

கோயம்புத்தூர் பஸ்ஸில் பார்சலாக வந்தது புது ஸ்விட்ச்.
எழுநூற்றி எண்பது, கண்டக்டருக்கு ஐம்பது.
போடுவதற்கு முன்பு நம்பிக்கை வரவில்லை.
பழைய டீப் பாத்திரத்தில் தண்ணீர்,
லேபிலிருந்து தெர்மாமீட்டர்,
டார்ச் பல்ப் ஒன்று, இரண்டு செல்.
செத்தவனை முதலில் தொங்கவிட்டேன்.
எண்பது. தொண்ணூறு. தளதளவென்று கொதித்தும்
பல்ப் இருட்டாகவே இருந்தது.
அடுத்து புதியவன்.
தொண்ணூறு.
தொண்ணூற்றொன்று.
தொண்ணூற்றிரண்டில்
எள் வெடிக்கிற அளவுக்கு ஒரு டக்.
பல்ப் எரிந்தது.
அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
எண்பத்தேழில் இன்னொரு டக்.

எப்போது வந்து நின்றாரோ, பின்னால் நாச்சியப்பன்.
பேப்பர் கையில் மடங்கியிருந்தது.
"இன்னொரு தடவை கொதிக்க வை," என்றார்,
"நான் பாக்கல."

ஞாயிற்றுக்கிழமை, வண்டி கைக்கு ஆறிய பிறகு
அவர் டார்ச் பிடித்தார், பெரும்பாலும் தப்பான இடத்தில்.
பழையது கழன்ற துவாரத்திலிருந்து
பச்சைத் தண்ணீர் முழங்கை வரைக்கும் ஓடி
போர்ட்டிகோ டைல்ஸின் சிவப்புப் பூக்களுக்கு
இல்லாத இலைகளை வரைந்தது.
புது வாஷர். கையால் திருகி, பிறகு ஸ்பேனர்,
பிறகு கால் சுற்று. அதற்கு மேல் பித்தளை தாங்காது.
காற்று போகும்வரை கூலண்ட் ஊற்றினேன்.
துடைத்தோம். ஓர் இலை மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை கேட் மூடியிருந்தது.
பாசஞ்சர் லேட்.
பாதியைத் தாண்டி முள் ஏறுவதை
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
டக் கேட்கவில்லை, வெளியே அத்தனை ஹாரன்.
விசிறிதான் கேட்டது.
முன்னால் நின்ற பைக்காரர் திரும்பி முறைத்தார்.
அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மடியில் காலை ரிப்போர்ட்டுகள்.
அடைக்கலம், வயது நாற்பத்தெட்டு.
மூணு மாசச் சர்க்கரை, பதினொன்று புள்ளி நாலு.
ஒரு தொந்தரவும் இல்லை என்று
அன்றைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.
நாளைக்குத்தான் நேமத்தான்பட்டி முறை.

கேட் இன்னும் திறக்கவில்லை.
போனை எடுத்து
அவருடைய நம்பரைத் தேடினேன்.