தானம் வந்த மாட்டின் பல்

சிப் வாங்கினால் விசிறி சும்மா.
தானம் வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
நாங்கள் பார்த்தோம்.
வின்னிபெக்கில் ஜனவரி, சனிக்கிழமை இரவு,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
வேறு எதன் பல்லைப் பார்ப்பது?

வாகீசனுடையது இன்று பெட்டி உடைத்தது.
முழுக்க அலுமினியம், அப்பளத்தின் கனம்,
அடிவயிற்றில் சாம்பல் நிறப் பசை
கம்பெனியே பூசி அனுப்பிய மூன்று பட்டை,
பிரதோஷத்துக்குக் கிளம்பியவர் நெற்றி போல.

என்னுடையது பழைய கணினி செத்த அன்று
கழற்றி, காலுறையில் சுற்றி வைத்திருந்தது.
இரண்டு மடங்கு உயரம்.
தகடுகளுக்கு நடுவே வட்டமாக ஒரு செம்பு.
அது மட்டும் தேய்த்த குத்துவிளக்காய் மின்னியது.
"உன்ர ஆள் மொட்டை நெற்றி" என்றான்.
டியூபிலிருந்து பட்டாணி அளவு பிதுக்கி வைத்தேன்.

பந்தயம் காருக்கு.
தோற்றவன் பிப்ரவரி முழுக்கப் பனி வெட்ட வேண்டும்.

நான்கு கால்களில் மூன்று
டக், டக், டக் என்று உட்கார்ந்துவிட்டன.
நாலாவது
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சித்தப்பா.
கெஞ்சி, அழுத்தி, பலகை வளைகிறதே என்று பதறி,
கடைசியில் அதுவாகவே டக்.

முதலில் செம்பு.
எல்லாக் கோர்களுக்கும் ஓயாத கணக்கு, அரைமணி நேரம்.
எழுபத்தெட்டு டிகிரி.
விசிறி தூக்கத்தில் மூச்சுவிடுவதுபோல் ஓடியது.
சிப் வாங்கிய ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

துடைத்து, பட்டைக்காரரை ஏற்றினோம்.
ஐந்தாவது நிமிடம் எண்பது,
பன்னிரண்டில் எண்பத்தாறு,
உளுந்து போடாத மிக்சியின் அலறல்.
வாகீசன் நகம் கடித்தான். பிறகு,
"இன்னும் சூடு பிடிக்கேல்ல மச்சான்,
நீ போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வா."

எண்பத்தாறுக்கு மேல் இன்னும் என்ன பிடிக்க?
போனேன். இஞ்சி தட்டினேன். பால் பொங்கியது.

இரண்டு கோப்பையோடு திரும்பினால்
எழுபத்தொன்று.

"பாத்தியே!" என்றான்.
பார்த்தேன்.
மூடியிருந்த ஜன்னலைப் பார்த்தேன்,
அதன் விளிம்பில் புதிதாய்ப் பூத்த உறைபனியை,
இதழ் நீலமாய் நின்ற வாகீசனை,
ஜன்னலடித் தொட்டியில் மூன்று வாரமாய் நான் வளர்த்த கொத்தமல்லியை.
ஓர் இலையைத் தொட்டேன்,
கண்ணாடிபோல் ஒடிந்தது.

எழுதுவதற்கு ரசீதைத் திருப்பும்போது
முன்பக்கம் கண்ணில் பட்டது.
இருநூற்று எழுபத்தொன்பது டாலர், வரி தனி, மூன்று தவணை.
ரொட்டித் தொழிற்சாலையில் அவன் எடுத்த
கூடுதல் இரவுகள் எத்தனையென்று
எனக்குத் தெரியும். அவனைக் கூட்டிவரக்
கார் எடுத்துக்கொண்டு போவது நான்தானே.

71 என்று எழுதினேன்.
ஒன்றைக் கொஞ்சம் கோணலாக.

பிப்ரவரி.
விடியுமுன் ஐந்தே முக்காலுக்கு இறங்குகிறேன்.
மேலே ஒரு சில்லைக் குளிரவைக்க இத்தனை பாடு,
கீழே காரின் என்ஜின் உறையாமலிருக்க
சுவரிலிருந்து மின்சாரம் கொடுத்து வைத்திருக்கிறோம்.
யாராவது இரண்டையும் ஒருவருக்கொருவர்
அறிமுகப்படுத்தி வைத்தால் என்ன?
மண்வெட்டி இறங்குகிற இடமெல்லாம்
பனி கல்லாயிருக்கிறது.

ஏறி வந்து கையுறை கழற்றி
கணினியின் பின்னால் விரல்களைப் பிடிக்கிறேன்.
யாரோ ஒருவர் கல்யாண வீடியோ,
ராத்திரி முழுக்க ஏதோ செய்துகொண்டிருக்கிறது.
பட்டைக்காரர் கத்துகிறார்,
எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது.
சூடு நன்றாகவே வருகிறது.
கட்டைவிரலுக்குக் கடைசியாக உயிர் வந்தது.

செம்பு என் அலமாரியில், அதே காலுறையில்.

இந்த ஊரில் ஜூலையும் உண்டு,
முப்பத்துமூன்று வரை போகும், கொசுவோடு.
அன்றைக்கு ஜன்னலைத் திற, வாகீசா,
நானே தேத்தண்ணி போடப் போகிறேன்.