கடி இருக்கா?

எண்ணூர் முகத்துவாரத்தில்
யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை.
"கடி இருக்கா?"
அவ்வளவுதான்.
"பேத்தை மட்டும்."
அப்படியென்றால் வீட்டில் சண்டை இல்லை,
சம்பளம் வந்துவிட்டது,
முட்டிவலி போன வாரம் மாதிரியேதான்.

ஞாயிறு, ஐந்தே கால்.
அனல்மின் நிலையத்து விளக்குகள்
கழிமுகத் தண்ணீரில் நீளநீளமாய்த் தொங்குகின்றன.
பெரம்பூரிலிருந்து டெரன்ஸ் வந்தாயிற்று.
பெயின்ட் வாளியில் உயிர் மடவை,
அதற்குள் மீன்தொட்டி மோட்டார்
குறட்டை விடுகிறது.

சிக்கந்தர் புது லூர் வாங்கியிருக்கிறார்.
வெள்ளி வயிறு, சிவப்பு வால், ஜப்பான் சரக்கு.
மனைவியிடம் சொன்ன விலை நூற்றைம்பது.
எங்களிடம் எண்ணூறு.
உண்மை விலை டெரன்ஸுக்குத் தெரியும்,
சொல்லமாட்டார்,
அவரும் ஒன்று வாங்கியிருக்கிறார்.
"இத்தப் பாத்தா கொடுவா கடிக்காதுபா,
கண்ணாலம் கட்டிக்கினு பூடும்"
என்கிறேன் நான்.
சிரிப்பில் இரண்டு கொக்கு பறக்கின்றன.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு
வெள்ளம் நல்லா ஏறிச்சு"
என்றான் வேதகிரி,
சும்மா, இறாலைக் கொக்கியில் கோத்தபடி.

செவ்வாய்க்கிழமை.
பத்து மணி.
கம்பெனிப் பெயர் போட்ட தொப்பியை
ஜூலையிலிருந்து அவன் போடுவதில்லை.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
சற்று நேரம் கழித்து சிக்கந்தர்
தன் இறால் டப்பாவை அவன் பக்கம் தள்ளினார்.
"நெறைய வாங்கிட்டேன், வீணாப்பூடும், எட்த்துக்க."
டப்பாவில் இருந்தது பதினோரு இறால்.

பிறகு வேதகிரியின் ராடு
தண்ணீரைப் பார்த்து வளைந்தது.
ரீல் கத்தியது.

யாரும் சொல்லவில்லை.
நான்கு பேர் தூண்டிலில் மூன்று
அந்த நொடியே கரையேறின,
தங்கூஸ் பின்னிக்கொள்ளக் கூடாதென்று.
என் நுனியில் ஏதோ கொத்திக்கொண்டிருந்தது,
அதையும் சுற்றி எடுத்துவிட்டேன்.

எழும்பியது கொடுவா.
டெரன்ஸின் டார்ச்சில் ஒற்றைக் கண்
கங்காய்ச் சிவந்து
தலையை இப்படியும் அப்படியும் உதறி
கதவை அறைந்தாற்போல் விழுந்தது.
"குதிச்சா ராட தாழ்த்து! தாழ்த்து மேன்!"
"பாலத்தாண்ட போவுது, திருப்பு!"
"வுடாத!"
"வுடு, கொஞ்சம் வுடு!"
எல்லோருடைய அறிவுரையும் கேட்டு
மீன் பாலத்தூணைச் சுற்றிக்கொண்டது.
தூண் முழுக்கச் சிப்பி.

தங்கூஸ் லேசாகித் திரும்பி வந்தது.
காற்றில் அதன் நுனி
என்னமோ எழுதிப் பார்த்தது.

"ஏழு கிலோ" என்றார் டெரன்ஸ், மெதுவாக.
"எட்டு" என்றார் சிக்கந்தர்.
ஏழரை மணிக்கு
ஸ்டான்லியில் இரவு டியூட்டி முடித்து வந்த பியூலா
டீக்கடையில் வண்டியை நிறுத்தி
"பத்து கிலோவாமே?" என்றாள்.
வேதகிரி மட்டும்
நாலு இருக்கும் என்றான்.
நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.
பார்த்தவர்கள் நாங்கள்.
பிடித்தவனுக்கு என்ன தெரியும்?

அவன் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.
டெரன்ஸ் பேசாமல் ராடை வாங்கி
தன் பெட்டியிலிருந்து புது லீடர் எடுத்து
எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கினார்.
அந்தப் பெட்டியை
தம்பி மகனைக்கூடத் தொட விடமாட்டார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு இல்லை.
போட்டுக்கொண்டேன்.
வெயில் கல்லைச் சுட்டுக்கொண்டிருந்தது.
எதிர்பார்க்காததுபோல் நிமிர்ந்து பார்த்தான்,
துண்டை நனைத்துக் கல்லில் விரித்து
இடம் விட்டான்.
"கடி இருக்கா?"
தக்கையையே பார்த்தான் வெகுநேரம்.
"இல்ல" என்றான்.
"நாலு மாசமா இல்ல."

உட்கார்ந்தேன்.
வெள்ளம் ஏறியது.
கடித்ததெல்லாம் பேத்தைதான்.
மத்தியானத்துக்குள்
அவனுக்கு இரண்டு கொக்கி போயிற்று,
எனக்கு மூன்று.