ஐந்தாவது கொத்தளம்

தண்ணீர் லாரி வராத செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது.
குட வரிசையில் நின்ற புஷ்பலீலாதான் கையெழுத்துப் போட்டாள்.
"இன்னாய்யா இது, வறுக்கி மாதிரி லேசா கீது?"
கோட்டை, என்றேன்.
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு,
எச் பிளாக், மூன்றாவது மாடிக்கு
ஆயிரத்து ஐந்நூற்று நாற்பதாம் ஆண்டின் இத்தாலி
அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது.

சுவர் பதினெட்டுத் துண்டு. தூக்குப்பாலம் ஒன்று.
கொத்தளம் ஐந்து என்றது தாள்.
கொட்டி எண்ணினால் நான்கு.
பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். நான்குதான்.
மாதவரம் எடைமேடையில் ராத்திரியெல்லாம்
கன்டெய்னருக்குச் சீட்டு எழுதுகிறவன் நான்;
என்னிடமே எடை குறைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அதற்கும் முந்தைய கோட்டைகளுக்கு உருண்டைக் கோபுரம்.
உருண்டையின் தொப்பைக்கு நேர் கீழே
மேலே நிற்பவன் கண்ணில் படாத ஒரு துண்டு மண் உண்டு.
அங்கே ஒருவன் குந்திக்கொண்டால்
பீடி பிடித்தபடியே அஸ்திவாரத்தைத் தோண்டலாம்.
அதனால்தான் தொப்பையைச் சீவி ஈட்டிமுனையாக்கினார்கள்.
தன் காலடியைத் தானே பார்க்க எந்தச் சுவராலும் ஆகாது.
பக்கத்துச் சுவர் பார்க்கும்.
அதன் காலடியை இது.

எங்கள் பிளாக்கைக் கட்டியவனும்
இதைப் படித்திருக்க வேண்டும்.
எச்சின் அடுப்படியை ஜே பார்க்கும்,
ஜேயின் கொடிக்கயிற்றைக் கே பார்க்கும்.
மோட்டார் ரூமுக்குப் பின்னால் மட்டும்
ஓர் ஆள் அகலத்துக்கு யாருக்கும் தெரியாத இடம்.
அங்கேதான் புஷ்பலீலா எனக்குச் சரி சொன்னாள்.
போன வருஷம் அங்கேயும் கேமரா வைத்துவிட்டார்கள்.

கல் நிறத்துக்கு எதை எதோடு கலப்பது?
மாடிப் பூங்கா வரை நடந்து போய்
மிச்சமிருக்கும் பழைய நகரச் சுவரைப் பார்த்தேன்.
சுவருக்கென்று வரி கேட்ட ஊர் இது;
சுவர் போய்விட்டது, சாலையின் பெயரில் வரி நிற்கிறது.
காரை உதிர்ந்த இடத்தில் செங்கல்,
செங்கல் மேல் வெற்றிலை எச்சில்.
திரும்பி வந்து
மஞ்சளில் கொஞ்சம் டீ டிகாக்‌ஷன் விட்டேன்.

ஐந்தாவதைக் காசிமேட்டு மீன்பெட்டி மூடியில் வெட்டினேன்.
ஜெர்வாஸ் கொடுத்த தெர்மாகோல்.
முதல் சொட்டு பெவிக்விக் பட்டதும்
உஸ்ஸென்று உள்வாங்கிக் குழி விழுந்தது.
பீரங்கிகூட அப்படித் துளைத்திருக்காது.
இரண்டாவதை வெறும் பசையால் ஒட்டி
ராத்திரி முழுக்க இட்லிக்குண்டான் வைத்து அழுத்தினேன்.
பெயின்ட் மூன்று கோட்டுக்குப் பிறகும்
சங்கரா வாசனை.

ஞாயிறு, வியாசர்பாடி கேரம் கிளப்.
இரண்டு போர்டு மேல் ஒரு பிளைவுட், அதன்மேல் கோட்டை.
முற்றுகை ஜெர்வாஸுடையது.
அவன் பகடையைத் தொடவே இல்லை.
மண்டி போட்டு, கன்னத்தை மேஜையில் வைத்து,
செல்போன் டார்ச்சைச் சுவரோரமாக ஓட்டினான்.
ஸ்ட்ரைக்கர் அடிக்கிறவன், கோணம் அவன் நகத்தில் இருக்கிறது.
மீன்பெட்டிக் கொத்தளத்தின் இடதுபக்கம்
வெளிச்சம் ஒரு விரற்கடை தடுக்கியது.
"மச்சி, இங்க உன்னால பாக்க முடியாது" என்றான்,
வருத்தப்படுகிற மாதிரி.
சுண்டுவிரல் நகமளவு வீரர்கள் நாலு பேரை
அந்த நிழலில் குந்தவைத்தான்.
ஆறாவது வீச்சில் சுவர் போயிற்று.

பஸ் இல்லை. மூலக்கொத்தளம் வழியாக
கோட்டையைத் தலையில் வைத்து நடந்து வந்தேன்.
"எங்க வுட்ட?" என்றாள்.
காட்டினேன்.
குனிந்து பார்த்தாள், சிரித்தாள்,
"மோட்டார் ரூம்" என்றாள்.

அசல் கொத்தளம் இருபத்திரண்டு நாள் கழித்து வந்தது,
மன்னிப்புச் சீட்டோடு, கோணம் பிசகாமல்.
நான் மாற்றவில்லை.
ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க
புஷ்பலீலா அதை முட்டுக்கொடுத்திருக்கிறாள்.
எண்ணூர்ப் பக்கக் காற்றை
இதுவரை தாங்குகிறது.