வேறு எண்ணெய்

திரே தாவாவில் ஆறு என்றால் மணல்.
தெச்சாத்து என்று பெயர் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை.
இந்தக் கரை கெசீரா: எங்கள் தேவாலயம்,
ரயில் வராத பழைய ரயில் நிலையம்.
அந்தக் கரை மெகாலா: துணிக்கடைச் சந்து, பள்ளிவாசல்,
நீலக் கதவு போட்ட ரெத்வான் வீடு.
நடுவே பையன்கள் பந்து உதைப்பார்கள்.
கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று
நாங்கள் இயற்பியல் படித்தோம்,
அப்படித்தான் இரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தோம்.

மற்ற மாதங்களில் எங்களுக்கு நடுவே ஓர் ஆடு நிற்கும்.
அவர்கள் அறுத்ததை நாங்கள் தொடமாட்டோம்,
நாங்கள் அறுத்ததை அவர்கள்.
ஒரே சந்தை, ஒரே மந்தை, ஒரே பேரம்,
கத்தி வைக்கும்போது சொல்லும் சொல் மட்டும் வேறு.

இந்த வருடம் இரண்டு நோன்பும் சேர்ந்து வந்தன.
எனக்கு ஐம்பத்தைந்து நாள்,
மூன்று மணிவரை பச்சைத் தண்ணீர் கிடையாது,
அதற்குப் பிறகும் இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லை.
அவனுக்கு ஒரு மாதம், சூரியன் விழும்வரை
எச்சில் விழுங்கவும் யோசனை.
பதினேழு வயதில் எல்லோரும் ஜூஸ் கடைக்குப் போவார்கள்.
நாங்கள் வெறும் வயிற்றோடு நடந்தோம்.
இப்போது கத்தியது யார் வயிறு என்று பந்தயம் கட்டினோம்.
அவ்வளவு சந்தோஷமாக நான் பசித்ததே இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது அதற்கும் முன்னால்,
என் கழுத்தை வைத்து.
ஞானஸ்நானத்தில் கட்டிய கறுப்புக் கயிறு
மெகாலாவில் சட்டைக்குள் போகும்,
ஆற்றில் இறங்கியதும் வெளியே வரும்.
ஒருநாள் வெளியே எடுக்க மறந்துவிட்டேன்.
"யார் வீட்டுக்குப் போனாய்?"
சொன்னேன்.
"சாப்பிட்டாயா?"
"தண்ணீர் குடித்தேன்."
கொஞ்சம் யோசித்தாள்.
"தண்ணீர் பரவாயில்லை. அதை யாரும் அறுப்பதில்லை."
பயறு அலசிக்கொண்டே, "நல்ல பையன்" என்றாள்.
இரண்டாவது அலசலில், "நல்ல பையன்தான்."
அந்தத் 'தான்' கதவைச் சாத்திவிட்டது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை.
ஞாயிறு பாடகர் குழுவில் என் பெயரைச் சேர்த்தார்,
சனிக்கிழமை ஒத்திகைக்கும் சேர்த்து.

அவனுக்கு ஹராரில் ஓர் அத்தை மகள் இருக்கிறாளாம்,
குர்ஆன் பாதிக்குமேல் மனப்பாடமாம்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
நானும் சிரித்தேன்.
அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டோம்.

பெருநாளோடு அவன் நோன்பு முடிந்தது,
எனக்கு இன்னும் மூன்று வாரம்.
பள்ளி விடுமுறை, புத்தகம் வெறும் பொய்ச்சாட்சி.
வெள்ளைச் சட்டை, அத்தர்,
அத்தரை மீறி விரல்களில் கறி வாசனை.
வயிறு நிறைந்த ரெத்வானை நான் ஒரு மாதமாகப் பார்த்ததில்லை,
யாரோ அவன் அண்ணன் வந்து நிற்பதுபோல் இருந்தது.
செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை நீட்டினான்.
சம்பூசா, உள்ளே பயறு.
"அம்மா பொரித்தாள்."
"யாருக்கென்று சொன்னாய்?"
"கேட்கவே இல்லை, மெக்தெஸ்.
பயறு வைத்தது வேண்டும் என்றேன்.
கறி பொரித்த சட்டியை இறக்கி வைத்தாள்.
வேறு சட்டி எடுத்தாள், வேறு எண்ணெய் ஊற்றினாள்.
அவ்வளவுதான்."

அவ்வளவுதானா?
உள்ளே வா என்றாளா,
உன் இடம் வேறு சட்டி என்றாளா?
அடுப்படியில் நின்று ஒரு பெண்
வாய் திறக்காமல் சொன்னதை
இரண்டு பேர் வெயிலில் நின்று பிரித்துப் பார்த்தோம்.
அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.
அது கையோடு வந்துவிட்டது.

மணி ஒன்றேகால்.
பொட்டலத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.
எண்ணெய் செய்தித்தாளைத் தாண்டியது,
உராய்வு பற்றிய பாடத்தில் இறங்கியது.
நனைந்த இடத்தில் தாள் கண்ணாடியாகி
அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது,
இடவலம் மாறி.
வீட்டில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.
இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.
மூன்று மணி ஆகட்டும்.