தண்ணியில்லாக் காட்டில் இருபது லிட்டர்

மாற்றல் ஆணையில் ஊர்ப்பெயரைப் படித்ததும்
வேலூர் ஆய்வகத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.
தண்ணியில்லாக் காட்டில்
தண்ணி சோதிப்பவனுக்கு என்ன வேலை?

வேலை நிறைய.
உச்சிப்புளி, இருமேனி, புதுமடம்:
கிணறுகள் புட்டிபுட்டியாக வந்து
என் மேசையில் வரிசை கட்டும்.
'குடிக்க உகந்தது அல்ல.'
அடித்து அடித்து முத்திரையில்
'அல்ல' மட்டும் தேய்ந்துவிட்டது.
பேனாவால் எழுதிச் சேர்க்கிறேன்.

ஒரு மாலை, உண்டியலில் சில்லறை எண்ணுவதுபோல்
கார்பனேட்டை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது:
இந்தத் தண்ணீருக்கு வெளுத்த பீர் ஒத்துவராது,
சோப்பு நக்கியதுபோல் இருக்கும்.
கறுப்பு ஒத்துவரும்.
வறுத்த தானியத்தின் புளிப்பு
இந்தச் சுண்ணாம்போடு மோதிப் பார்த்து
சமாதானமாகும்.

பதிவேட்டின் பின்பக்கத்தில் தொடங்கினேன்.
கிணறு ஒரு பங்கு.
நாலு நாளைக்கொருமுறை குழாயில் வரும் காவிரி மூன்று பங்கு.
மால்ட் நாலரைக் கிலோ.
கறுப்புக்குக் கேழ்வரகு, முந்நூறு கிராம்,
காபிக்கொட்டை நிறத்துக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தவும்.

ஹாப்ஸ் கொண்டுவந்தவன் தெற்குவாடி ரெக்ஸ்லின்,
சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர்.
வெள்ளி உறையில் நாலு பொட்டலம்.
சுங்கத்தில் கேட்டதற்கு மூலிகை என்றானாம்.
பொய்யில்லை.
ஒன்றைப் பிரித்து முகர்ந்தோம்:
பம்ப்ளிமாஸ் தோல், ஈரப் புல்,
கொஞ்சம் பூனை.
"நாலையும் போடு" என்றான்.
கடலில் இருப்பவர்களுக்கு அளவு தெரியாது.

எனக்கு அதில்தான் தூக்கம் போனது.
கருகிய கசப்பும் இலைக் கசப்பும்
ஒரே சுவரின் இரண்டு குடித்தனம்.
ஒன்று ரேடியோ வைத்தால்
மற்றது கதவை அறையும்.
அறுபதாம் நிமிடம் ஒரு சிட்டிகை,
மிச்சமெல்லாம் அடுப்பை அணைத்த பிறகு என்று எழுதி,
அடித்து,
மறுபடி எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை கேழ்வரகு வறுத்தேன்.
ஒரு விரல் தாண்டிவிட்டது.
புகை மாடிப்படி இறங்கிக்
கீழ்வீட்டுத் தையல் மிஷினை நிறுத்தியது.
ஷமீமா கதவைத் தட்டினார்:
"என்ன சார் கருகுது?"
"காபி" என்றேன்.
"அப்ப எனக்கும் ஒரு டம்ளர்."

வேறு வழியில்லை.
கருகிய கேழ்வரகைப் பொடித்து வடிகட்டிக் கொடுத்தேன்.
நின்றபடியே குடித்தார்.
இடுக்கிய கண்ணோடு அலமாரியைப் பார்த்தார்,
கருப்பட்டி டப்பாவைத் தானே எடுத்தார்,
ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு
மறுபடி ஒரு மடக்கு.
"இப்பத்தான் சண்டை நின்னுச்சு" என்றார்.

சண்டையைப் பற்றி
அவரிடம் நான் சொல்லவே இல்லை.

அவர் படியிறங்கும் சத்தம் முடியுமுன்
சர்க்கரையை அடித்துவிட்டு எழுதினேன்:
சாயல்குடிக் கருப்பட்டி, முந்நூற்றைம்பது.
கேழ்வரகை இருநூறாகக் குறைக்கவும்.
ரெக்ஸ்லினுக்கு மூன்றாவது பொட்டலத்தை விட்டுக்கொடுத்தேன்.
நாலாவது இன்னும் பேச்சுவார்த்தையில்.

ஈஸ்ட்டுக்குப் பதினெட்டு டிகிரி வேண்டும்.
இந்தக் கரை தருவது முப்பத்தாறு.
மீன்காரர்களின் தெர்மோகோல் பெட்டி,
பாம்பன் ஐஸ் கம்பெனியில் காலை ஒரு பாளம்,
மாலை அரைப் பாளம்.
ஐஸ்காரப் பையன் கேட்டான்:
"சாருக்கு எத்தனை கிலோ பாறை?"

வீட்டில் காய்ச்ச நம்மூரில் உரிமம் கிடையாது.
நான் அரசு ஊழியன்.
ஆகவே இது காகிதத்தில் மட்டும் உள்ள கணக்கு;
உப்புக்காற்றில் பக்கம் நமுத்து
மையெல்லாம் கறுப்பாகப் பூத்திருக்கிறது,
அவ்வளவுதான்.

கட்டிலடியில் இருக்கும் பெட்டியைக் கேட்கிறீர்களா?
மீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரை நிமிடத்துக்கு ஒரு தரம்
மூச்சுவிடும் மீன்.