அறுபத்தோராயிரம்

கீழக்கரையில் சுல்பிகார் வீட்டு மாடியில்
சஹன் தட்டு ஒன்றைத் துடைத்து
அதில் ஐந்து லென்ஸ்களையும் ஒரு பாடியையும்
நிறுத்தி வைத்திருந்தார்,
சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஆள் வரப்போவதுபோல.
பின்மூடிகள் தனியே. ரசீதுகள் தனியே.
"நான் வேற கம்பெனிக்கு மாறிட்டேன்ம்மா.
இவன் கதை முடிஞ்சிருச்சுன்றாங்க."

யார் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.
எனக்கும் அதே ஆட்கள்தான் சொன்னார்கள்:
மதுரை சர்வீஸ் சென்டரில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது,
ஜப்பானில் அந்தப் பிரிவையே கைமாற்றி விட்டார்கள்,
இரண்டு வருடமாக வந்ததெல்லாம்
பழைய லென்ஸுக்குப் புதுச் சட்டை.
கம்பெனி மட்டும் அறிக்கை விடுகிறது, தொடர்வோம் என்று.
தொடர்வோம் என்று சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தவர்கள்
எத்தனை நாள் தொடர்வார்கள்?
என் முதல் ஸ்டுடியோ முதலாளியும்
சம்பளம் தொடரும் என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்தான்.

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன்.
பூஞ்சை தேடினேன்.
இந்தக் கரையில் அது கண்ணாடிக்குள்ளும் வேர்விடும்.
வாலிநோக்கம் வரைக்கும் போய்த் தொழில் செய்கிறவளுக்கு
கேமரா என்பது
மெதுவாகக் கருவாடாகிற பொருள்.
ஒரு நூல் இல்லை. சுத்தம்.
அரிசி டப்பாவிலேயே வளர்த்திருக்கிறார், மனுஷன்.

என் வேலை பெண்கள் பக்கம்.
நிக்காஹ் வீடுகளில் ஆண்கள் நுழையாத அறைகள்,
மருதாணி காயாத கைகள்,
வாயில் ஊசியைக் கடித்தபடி
முக்காடு சரிசெய்யும் உம்மாக்கள்.
பெரிய கேமராவைத் தூக்கினால்
எல்லா முகமும் சுவராகிவிடும்.
இது உள்ளங்கை அளவு. சத்தமில்லை.
அழுகையின் நடுவில் எடுத்தாலும்
அழுகிறவளுக்குத் தெரியாது.

உதடு அசையாமல் கணக்குப் போட்டேன்.
புதிதாக என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல்.
இவர் கேட்பது எழுபது.
நடுவில் கிடக்கிற பள்ளம் முழுக்கப் பயம்.
ஊரெல்லாம் பயந்தால்தான் எனக்குக் கட்டுப்படியாகும்.
கம்பெனி பிழைத்துக்கொண்டது என்று நாளை சேதி வந்தால்
இந்த மாடிப்படி ஏற என்னிடம் காசில்லை.

பாடி செத்தால்?
இன்னொரு பழைய பாடி.
அதுவும் செத்தால்?
மண்டபத்தில் என் கொழுந்தன் பெர்க்மான்ஸின் வல்லத்தில்
ஓடுகிற எஞ்சினைச் செய்த கம்பெனி
பெயர்கூட இப்போது யார் வாயிலும் இல்லை.
தங்கச்சிமடத்தில் மூன்று வல்லங்களை அறுத்துத்தான்
அதற்கு ஒரு கியர்பாக்ஸ் கிடைத்தது.
இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை.
போன ஆடியில் அவன்
நடுக்கடலில் நாலு மணிநேரம் நின்றான்.

"அறுபது."
"அறுபத்தஞ்சு. அந்த நாற்பத்தஞ்சு எம்எம்மை மட்டும்
குடுக்க மனசே இல்லம்மா."
"அப்ப அதை வெச்சுக்குங்க. மிச்சத்துக்கு ஐம்பது."
சஹனைப் பார்த்தார்.
பாடி இல்லாமல் அதை எதில் மாட்டுவது
என்று அவருக்கும் தோன்றியிருக்கும்.
அறுபத்தோராயிரம், எல்லாமும்.
பையும் தந்தார். பையில் பழைய மணல்.

வழியில் சேதுக்கரையில் வண்டியை நிறுத்தினேன்.
அலை ஓரம் ஒற்றைக் கரைக்கொக்கு
எதையோ மறந்தவன்போல் நின்றது.
மாட்டினேன். எடுத்தேன்.
கண்ணைச் சுற்றி இருந்த மஞ்சள்கூட வந்திருந்தது.
சோதனைப் படம்தானே, அழித்துவிட்டேன்.
மறுநாள் அதற்காக வருத்தப்பட்டேன்.

பதினோராம் நாள் இரவு போன்.
"அந்த நாற்பத்தஞ்சு இருக்கா, வித்துட்டியா?
அடுத்த வெள்ளி மகளுக்கு நிச்சயம்.
புதுசுல எடுத்துப் பார்த்தேன்,
முகம் வேற மாதிரி வருதும்மா."

வேறு மாதிரித்தான் வரும்.
ஏன் என்று எனக்கும் சொல்லத் தெரியாது.

"நாள் வாடகை முந்நூறு," என்றேன்.
சிரித்தார்.
இந்தப் பக்கம் சிரிப்பு வராததைக் கேட்டு
நிறுத்தினார்.
பிறகு, தயங்கி,
"கேமராவோட சேர்த்தா?"