ஆயிரத்து நாற்பது

பாண்டி கோயிலில் எலுமிச்சை நசுங்கிய அன்று
மீட்டரில் பதினொன்று.
ஷோரூமிலிருந்து வந்த தூரம்.
நான் ஓட்டவில்லை. ஜெபஸ்டின் என்றொரு பையன்,
சட்டைப்பையில் இரண்டு பேனா.
"ஆயிரத்துல கொண்டு வாங்க மேடம், சும்மா பார்ப்போம்.
ஆயில் மாத்துறது பத்தாயிரத்துக்குத்தான்,
இல்லேன்னா ஒரு வருஷம்,
எது முந்துதோ."

எது முந்துதோ.
கடன் அறுபது மாதம்.

கொழுந்தன் கார்மேகம் பதினைந்து வருஷமாக
உசிலம்பட்டிக்கு வேன் அடிக்கிறவர்.
"பத்தாயிரமா? ஐந்நூறுலயே வடிச்சுக் கொட்டணும் மதினி.
புது இஞ்சின் தன் இரும்பைத் தானே தின்னும்."

கையேட்டில் நூற்று முப்பத்திரண்டாம் பக்கம்
ஜெபஸ்டின் கட்சி.
முனிச்சாலை அபுதாகிர் எந்தக் கட்சியும் இல்லை.
வேறொரு காருக்கு அடியிலிருந்து, டார்ச்சைக் கடித்தபடி சொன்னார்:
"அந்தக் காலத்து வண்டிக்கு ஐந்நூறு சரி.
இப்ப வழவழன்னு இழைச்சுத்தான் அனுப்புறான்.
மாத்தியே ஆகணும்னு இல்ல.
மாத்தினா கெட்டுப்போறதும் இல்ல.
உங்க மனசு எப்படி?"

பேங்க் மேனேஜர்கூடக் கேட்காத கேள்வி.

என் வேலை ரத்தம்.
அண்ணாநகரில், மாடி லேபில்,
ஐந்தரைக்கே வெறும்வயிற்றோடு வந்து நிற்பவர்களுக்கு
ஊசி குத்துகிறேன். பத்தொன்பது வருஷம்.
"அடுத்து எப்பம்மா எடுக்கணும்?" என்பார்கள்.
"டாக்டர் சொன்னபடி" என்பேன்.
மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொல்லியிருப்பார்கள்.

இருநூறு வரை ஸ்டியரிங் பிடித்த கை வலித்தது.
கோரிப்பாளையம் சிக்னலில் மூன்று தடவை அணைந்துபோனது,
பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ
என் பரம்பரையை விசாரித்தது.
முந்நூற்று எழுபதில் நத்தம் ரோட்டு மேம்பாலம்,
முதன்முதலாக நாலாவது கியர்.
அறுநூறில் மழை; தெப்பக்குளத்தை இரண்டு சுற்று,
மழை விட்ட பிறகும்,
வைப்பரை நிறுத்தத் தெரியாமல்.
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில்
ஒத்தக்கடை தாண்டி, யானைமலை கண்ணாடிக்குள் சுருங்கும்போது
கியரைப் பார்க்காமலே மாற்றியிருந்தேன்.
மேலூர் வந்த பிறகுதான் அது உறைத்தது.

ஆயிரத்து நாற்பதில் போய்
"வடிச்சிருங்க" என்றேன்.

சூட்டைக் கொஞ்சம் ஆறவிட்டார், முழுசாக இல்லை.
நட்டைத் தளர்த்தினார்.
பாய்ந்து வந்தது,
பிறகு நூலாக,
பிறகு சொட்டு.
கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
வடித்த டீயின் நிறம்.
தட்டை வெயில் பக்கம் சாய்த்தார்:
உள்ளே ஏதோ புரண்டு படுத்தது,
மீன் வயிறுபோல ஒரு மினுக்கம்.

பையில் எப்போதும் கிடக்கும் சிவப்பு மூடிக் குப்பியை நீட்டி
இரண்டு மில்லி கேட்டேன்.
அபுதாகிர் சிரிக்கவில்லை.
கையைத் துடைத்து, புனல் வைத்து ஊற்றித் தந்தார்.
மீதியைப் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிப் போனார்.
ஷட்டர் கத்துகிறதாம்.

ராத்திரி எட்டரை, லேபில் யாருமில்லை.
ஒரு சொட்டு, கண்ணாடித் தகடு, மேலே மெல்லிய மூடி.
நாற்பது மடங்கில் வெறும் பழுப்பு.
நூறில் கறுப்புப் புள்ளிகள், கீழ்விளக்கு அவ்வளவுதான் காட்டும்.
போன் டார்ச்சை மேலிருந்து சரித்துப் பிடித்தேன்.
மின்னின,
சாயம் ஏற்றாமலே.
செதில், ஊசிமுனை, தூள்,
ஒன்று மட்டும் வெட்டிய நகம்போல் வளைந்து.
பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன்.
ஒரு வட்டத்தில் பதினேழு, நகர்த்தினால் ஒன்பது.
நார்மல் எவ்வளவு என்று எந்த அட்டையிலும் இல்லை.

கோரிப்பாளையத்தில் அணைந்தது இதில் எது?

ரிப்போர்ட் தாள் ஒன்றை எடுத்தேன்.
வயது: ஆயிரத்து நாற்பது.
உணவுக்கு முன்னா பின்னா: அடித்துவிட்டேன்.
பரிந்துரைத்தவர்:
பேனா கொஞ்சம் நின்றது.
பஞ்சவர்ணம், என்று எழுதினேன்.

காலையில் முதல் ஆள் பெத்தானியாபுரத்துச் சர்க்கரைக்காரர்.
நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.
"என்னம்மா அது, நகத்துல?"
"ஆயில்."
"காரா? நீங்களா ஓட்டுறீங்க?"
கையுறையை மாட்டிக்கொண்டேன்.
"ஓட்டுறேன். விரலை மடக்குங்க."